எரியாத விளக்குக்கு எதிர்ச்சொல்

மூர்பி கேட், லிங்கன்ஷயர்
26 நவம்பர் 1956

மிஸ்டர் லெகாட் அவர்களுக்கு,

முதலில் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பது அப்புறம். அர்த்தம் தெரியாத சொல்லை யாராவது சொன்னால், தெரிந்தவள் போலத் தலையாட்டுவது என் வழக்கம். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு உருளைக்கிழங்கு பொறுக்கப் போன நாள் முதல் இந்த ஐம்பத்திரண்டு வயது வரை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். பாதிரியாருக்கு ஆட்டுகிறேன், டாக்டருக்கு ஆட்டுகிறேன். ஒருமுறை இன்ஷூரன்ஸ்காரருக்கு ஆட்டி, எங்களிடம் இல்லாத ஒரு பசுவுக்கு ஆறு மாதம் காப்பீடு இருந்தது. அதுவரை சேதம் என் வீட்டுக்குள்தான். இந்த முறை ஆட்டியது உங்கள் வேலைக்கு உலை வைத்துவிட்டது என்று கேள்வி.

உங்கள் கேபினில் இப்போது உட்கார்ந்திருப்பவர் போனில் சொன்னார். "மிஸஸ் ஸ்கெல்ட்டன், உங்க வாக்குமூலந்தான் லெகாட்டக் கவுத்திருச்சு தெரியுமா?" என்றார். ஏதோ வானிலை சொல்வது மாதிரி சொன்னார்.

நடந்ததை நான் புரிந்துகொண்டது சரிதானா பாருங்கள். ஒன்பதாம் தேதி காலை, மூடுபனி. பீட்கிழங்கு ஏற்றிய கூட்ஸ் வண்டி உங்கள் சிக்னல் கேபினைத் தாண்டியது. கடைசிப் பெட்டியில் வால் விளக்கு உங்களுக்குத் தெரியவில்லை. வால் விளக்கைப் பார்த்தால்தான் வண்டி முழுதாகப் போயிற்று என்று கணக்கு. இல்லையென்றால் நடுவில் அறுந்து, பாதிப் பெட்டிகள் பனிக்குள் தண்டவாளத்திலேயே நிற்கலாம். அதனால் பின்னால் வந்த பாசஞ்சரை நாற்பத்தைந்து நிமிடம் நிறுத்திவிட்டீர்கள். அடுத்த ஸ்டேஷனில் கூட்ஸை நிறுத்திப் பார்த்தால் விளக்கு ஜோராக எரிகிறது. பாசஞ்சரில் இருந்த ஒரு பெரிய மனிதருக்குக் குதிரை ஏலம் தவறிவிட்டது. ஆக, நீங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பழியைப் பனிமேல் போட்டீர்கள் என்று பேச்சு. உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீங்களும் ஸ்கார்பரோவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

அந்த ஃபென்விக் என்ற ரயில்வே விசாரணை அதிகாரி என் வீட்டுக்கும் வந்தார். உலர்பழ ரொட்டி இரண்டு துண்டு தின்றார். "லெகாட் எப்படிப்பட்ட ஆளு?" என்றார்.

"அலட்டிக்கவே மாட்டாருங்க. வானம் இடிஞ்சு விழுந்தாக்கூட 'மழை வரும்போலிருக்கு மேபிள்'னுதான் போன்ல சொல்லுவாரு."

"அப்போ நான்ஷலன்ட்னு எழுதிக்கலாமா?"

அந்தச் சொல்லின் சத்தம் எனக்குப் பிடித்துவிட்டது. பட்டுத்துணியைத் தடவுகிற மாதிரி இருந்தது. "அதேதாங்க. எப்பவுமே நான்ஷலன்ட்டுதான்" என்றேன்.

"அன்னிக்குக் காலைல அனாமலஸா ஏதாவது கவனிச்சீங்களா?"

இதற்கு ஆமாம் என்றால் என்னவென்று கேட்பார். இல்லை என்பதே பத்திரம் என்று இல்லை என்றேன். கையெழுத்தும் போட்டேன். போட்டுவிட்டு மூன்றாவது துண்டு ரொட்டியும் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் சிரிலைக் கேட்டால், நான்ஷலன்ட் என்பது ஜன்னல் திரைத் துணி என்கிறார். நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சிக்னல் கேபினிலும் நான் இந்த ரயில்வே கேட்டிலுமாக, பத்தொன்பது வருடமாக ஒரு நாளைக்கு இருபது தடவை போனிலும் மணியிலும் பேசிக்கொள்கிறோம். முகம் பார்த்தது பதினொரு தடவை இருக்குமா? அப்படியிருக்க, ஒரு வரி எழுதக் கூடாதா?

வேறொன்றும் உண்டு. அதை இப்போது எழுதவில்லை. மை தீர்ந்துவருகிறது.

மேபிள் ஸ்கெல்ட்டன்


ஸ்கார்பரோ
1 டிசம்பர் 1956

திருமதி ஸ்கெல்ட்டன்,

நான்ஷலன்ட். எதிர்ச்சொல்: விஜிலன்ட்.

அனாமலஸ். எதிர்ச்சொல்: நார்மல்.

மேற்கொண்டு எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஹோ. லெகாட்


மூர்பி கேட்
4 டிசம்பர் 1956

அன்புள்ள ஹோரஸ்,

இனி மிஸ்டர் போடமாட்டேன். கோபமிருந்தால் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை 9.12 வண்டியின் கார்டு கொடுத்துவிட்டுப் போனார். கேட்டைத் திறந்து லாரிகளை விட்டுவிட்டு அங்கேயே நின்று பிரித்தேன். நாலே சொல். அதில் இரண்டு எனக்குத் தெரிந்தவை. விஜிலன்ட் என்பது போர்க்காலத்தில் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்த சொல். விழிப்பாயிரு, வானத்தைப் பார், எதிரி வருகிறான். நார்மல் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்த இரண்டைப் பிடித்துக்கொண்டு தெரியாத இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். கையுறையின் உள்பக்கத்தை வெளியே இழுப்பது மாதிரி. ஐயோ ஹோரஸ், நான் எதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! இந்த லைன் முழுவதிலும் கண்ணை மூடாத ஒரே மனிதனைப் பார்த்து, எதையும் கண்டுகொள்ளாதவன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் 'எப்பவுமே' என்று அடைமொழி போட்டு.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. வெட்கத்தோடு வேறொன்றும் வந்தது, அதற்குப் பெயர் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், அகராதி இல்லாமல், வாத்தியார் இல்லாமல், தண்டவாளத்தின் மேல் நின்று ஒரு பெரிய சொல்லை நானே திறந்துவிட்டேன். அனாமலஸ் என்ற அவ்வளவு பெரிய ஆளுக்கு எதிரி யார் என்று பார்த்தால் நார்மல்! நம் வீட்டுச் சமையலறையில் உட்காருகிற சொல். லாரிக்காரர் ஹாரன் அடிக்கும்வரை எனக்கு நினைவு திரும்பவில்லை.

விசாரணை ஜனவரி பதினான்கு, லிங்கன் நகரில். எனக்கும் ஓலை வந்துவிட்டது. அந்த ஃபென்விக் மறுபடியும் கேட்பார், பட்டுத்துணியை மறுபடியும் விரிப்பார். நான் தலையாட்டினால் உங்கள் முப்பது வருஷம் போச்சு. எனக்குச் சொல் அனுப்புங்கள். எதிர்ச்சொல்லோடு அனுப்புங்கள். தலையாட்டாமல் இருக்க ஒரு மனுஷிக்கு எத்தனை சொல் தேவைப்படும்?

மேபிள்

பி.கு. தங்கை சமையல் எப்படி? போனில் ஒருநாள், அவள் முட்டைக்கோஸை வேகவைத்தால் பக்கத்துத் தெருவே காலி என்றீர்கள்.


ஸ்கார்பரோ
10 டிசம்பர் 1956

திருமதி ஸ்கெல்ட்டன்,

முட்டைக்கோஸ் வாரத்துக்கு நான்கு நாள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எத்தனை சொல் வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு எப்படி வந்தது என்று மட்டும் சொல்ல முடியும்.

என் கேபினில் சிக்னல்களை இயக்கும் லீவர்கள் முப்பத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை. தள்ளியிருக்கும் அல்லது இழுத்திருக்கும். நடுவில் நிற்க இடமில்லை. வேலை நேரத்தில் புத்தகம் படிக்கக் கூடாது என்பது விதி. ஒருநாளும் நான் அதை மீறியதில்லை. ஆனால் சைக்கிளில் வரும்போது ஒரே ஒரு சொல்லை மனதில் கொண்டுவர யாரும் தடைபோடவில்லை. எட்டு மணி நேரம் அதற்கு எதிர்ச்சொல்லைத் தேடுவேன். கண் தண்டவாளத்தில் இருக்கும், கை லீவரில் இருக்கும். சொல் இரண்டு நிலைக்கும் போய்வந்த பிறகுதான் அது என்னுடையது. ஒரு சொல்லின் பொருளைப் படித்தால் மறந்துபோகிறது. அது எதற்கு முன்னால் மல்லுக்கு நிற்கிறது என்று தெரிந்தால் மறப்பதில்லை. இருபத்தாறு ஆண்டுகள் இப்படி. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போனில் நான் பதறாமல் பேசியதால் பதற்றம் இல்லாதவன் என்று எண்ணிவிட்டீர்கள். பனி நாளில் என் குரலில் பதற்றம் ஏறும். அது உங்களுக்குக் கேட்கக் கூடாது என்று பேச்சைச் சுருக்கிக்கொள்வேன். பத்தொன்பது ஆண்டுகள் கேட்ட காது, அந்தச் சொல்லுக்கு ஆமாம் போட்டுவிட்டது. அதுதான் வருத்தம். வேலை அல்ல.

சொற்கள்:

காருலஸ், டேசிடர்ன். ஓயாமல் பேசுகிறவர், பேசாதவர். முதலாவது நீங்கள். இரண்டாவது நான்.

ஒபேக், டயாஃபனஸ். ஒளி புகாதது, ஒளி கசிவது.

எஃபிமரல், பெரென்னியல். ஒரு பொழுதுக்கு இருப்பது, என்றும் இருப்பது.

ஈக்விவகல், கேட்டகாரிக்கல். இப்படியும் அப்படியும் பேசுவது, ஒரே அடியாகச் சொல்வது. ஃபென்விக்குக்கு இது பிடித்தமான ஜோடி.

கல்பபிள். தவறுக்குப் பொறுப்பானவர். இதற்கு எதிர்ச்சொல்லை நீங்களே தேடுங்கள்.

ஹோரஸ் லெகாட்


மூர்பி கேட்
19 டிசம்பர் 1956

அன்புள்ள டேசிடர்ன்,

உங்கள் காருலஸ் எழுதுகிறேன். உட்கார்ந்துகொள்ளுங்கள், இது நீளமாகப் போகும்.

எனக்கு லீவர் இல்லை, இரண்டு கேட்டுகள் இருக்கின்றன. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கக் கேட்டில் ஒரு சொல், அந்தப் பக்கக் கேட்டில் அதன் எதிரி, சாக்பீஸால் எழுதிவைத்தேன். வண்டி வரும்போது இரண்டையும் சாத்துகிறேனா, போனபின் திறக்கிறேனா, ஒரு நாளைக்கு முப்பது தடவை இரண்டு சொல்லையும் கையால் பிடித்துத் தள்ளுகிறேன். வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லுக்கு இவ்வளவு எடை இருக்காது.

பீட் லாரி ஓட்டுகிற வில்ஃப் இருக்கிறானே, அவன் தலையை வெளியே நீட்டினான். "என்ன மேபிளு, கேட்ல கெட்ட வார்த்தையெல்லாம் எழுதி வச்சிருக்க?"

"உன்னப்பத்தித்தான் எழுதியிருக்கேன். ஒபேக்."

"அப்டின்னா?"

"வெளிச்சம் உள்ள போகாத மண்டை."

மறுநாள் வந்தான். ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது. "அந்தாண்ட கேட்ல இருக்கே, அது யாரு?"

"டயாஃபனஸ். நீ இன்னும் அந்தக் கேட்டுக்கு வந்து சேரல. மெதுவா ஓட்டு."

இப்போது அந்தப் பயல் லாரிக்காரர் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். காலையில் இறங்கி நின்று இன்றைக்கு என்ன சொல் என்று கேட்கிறார்கள். பால்காரர் தன் மனைவியை எஃபிமரல் என்று சொல்லிவிட்டு அர்த்தம் பிறகுதான் கேட்டார். நல்லவேளை, அவளுக்கும் தெரியாது.

விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஒன்று நடந்தது. 7.50 போனபிறகு கேட்டைத் திறக்கப் போனேன். பனி. சுவர் மாதிரிப் பனி, எதிர்க் கேட்டே தெரியவில்லை. ஒபேக் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, வயலுக்கு அந்தப் பக்கம் சூரியன் எழும்பியது. பனி போகவில்லை ஹோரஸ், அங்கேயேதான் இருந்தது. ஆனால் அதற்குள் வெளிச்சம் ஊறியது. பால் டம்ளரை விளக்குக்கு நேரே பிடித்த மாதிரி. வாய்க்கால், தந்திக் கம்பம், சர்ச் கோபுரம், ஒவ்வொன்றாகப் பனியை விலக்காமலே உள்ளேயிருந்து வந்தன. டயாஃபனஸ். இந்தக் காட்சியைப் பத்தொன்பது குளிர்காலம் பார்த்திருக்கிறேன். பார்க்கவேயில்லை. பெயர் வந்த பிறகுதான் கண்ணுக்கு வந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சர்ச்சில்கூட எனக்கு இப்படி ஆனதில்லை. பாதிரியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஜன்னல் கண்ணாடியில் உறைபனி பெரணி இலை மாதிரிப் படர்ந்திருக்கும், அடுப்பு மூட்டினால் போய்விடும். அது எஃபிமரல். அதற்குப் பின்னால் தண்டவாளம், கண்ணுக்கெட்டியவரை ஒரே கோடாக. அது பெரென்னியல். இரண்டையும் ஒரே ஜன்னலில் வைத்தது யார் என்று சிரிலைக் கேட்டேன். டீ ஆறுகிறது என்றார்.

இனி சிரிக்காமல் எழுத வேண்டிய பகுதி. மூன்று தடவை கிழித்துப்போட்டேன்.

கல்பபிள் என்று இந்தப் பக்கக் கேட்டில் எழுதினேன். எதிர்ச்சொல் எனக்குக் கிடைத்துவிட்டது. பிளேம்லெஸ். குற்றமற்றவர். அந்தப் பக்கக் கேட்டுக்குப் போனேன். சாக்பீஸைத் தூக்கினேன். எழுதக் கை வரவில்லை.

ஒன்பதாம் தேதி அந்தக் கூட்ஸ் உங்களைத் தாண்டியபின் இரண்டு மைல் வந்து என்னையும் தாண்டியது. கடைசிப் பெட்டி எனக்கு ஆறடி தூரத்தில் போனது. வால் விளக்கு அதன் கொக்கியில்தான் இருந்தது. எரியவில்லை. சிவப்புக் கண்ணாடி கறுப்பாக இருந்தது. எண்ணெய் புகைந்த வாசனைகூட வந்தது. நான் பார்த்தேன், ஹோரஸ். பார்த்தவுடன் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது விதி. உள்ளே அடுப்பில் பன்றிக்கறி கருகிக்கொண்டிருந்தது. ஹோரஸ் பார்த்திருப்பார், ஹோரஸ் கண்ணுக்கு என்ன தப்பும் என்று நினைத்துச் சட்டியை இறக்க ஓடினேன். அவ்வளவுதான். பிறகு அடுத்த ஸ்டேஷனில் விளக்கு எரிந்தது என்றார்கள். யார் ஏற்றியிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடியும், உங்களாலும் முடியும். ஃபென்விக் விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை, அனாமலஸ் பற்றித்தான் கேட்டார் என்று இத்தனை நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பட்டுத்துணிச் சொல் உங்களுடையதே இல்லை. நான்ஷலன்ட் நான்தான்.

மேபிள்


ஸ்கார்பரோ
22 டிசம்பர் 1956

மேபிள்,

உங்கள் கடிதத்தைக் கடற்கரைப் பெஞ்சில் வாசித்தேன். பிறகு எழுந்திருக்க நேரமாயிற்று.

ஆறு வாரமாக நான் என் கண்ணையே விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வந்து பனிக்குள் போயின. ஐம்பத்தொன்று எண்ணினேன். கடைசிச் சக்கரச் சத்தம் தாண்டியது. சிவப்புப் புள்ளிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்வது எளிது. ஒன்று இல்லாததைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? இருட்டு அங்கே எப்போதும் இருக்கிறது. ஆனால் விளக்கு இருக்கவேண்டிய இடத்திலுள்ள இருட்டு வேறு இருட்டு. அந்த ஒரு கை அகலத்தை நம்பி, இருநூறு பேர் இருந்த வண்டியை நிறுத்தினேன். பிறகு விளக்கு எரிந்தது என்றார்கள். அப்படியானால் நான் பார்த்தது என்ன? கிழவனாகிவிட்டேனா? இங்கே வந்ததும் தினம் கடலில் கலங்கரை விளக்கத்தை எண்ணிப் பார்க்கிறேன், கண் சரியாக இருக்கிறதா என்று.

இப்போது நீங்களும் பார்த்தீர்கள் என்கிறீர்கள். எனக்கு அது போதும். உண்மையாகவே போதும்.

ஆகவே விசாரணையில் இதைச் சொல்லாதீர்கள். கேட் வேலை போனால் வீடும் போகும், அது வேலையோடு சேர்ந்த வீடு. சிரிலின் மூட்டுவலிக்கு வேறு எங்கே போவீர்கள்? எனக்கு அறுபத்தொரு வயது, தங்கை வீட்டில் ஒரு அறை இருக்கிறது, முட்டைக்கோஸும் இருக்கிறது. நான்ஷலன்ட் என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். விளக்கைத் தொடாதீர்கள்.

இது வேண்டுகோள். பத்தொன்பது ஆண்டில் உங்களிடம் நான் கேட்கும் முதல் வேண்டுகோள்.

ஹோரஸ்


மூர்பி கேட்
16 ஜனவரி 1957

அன்புள்ள ஹோரஸ்,

லிங்கனில் அந்த நீள வராந்தாவில் நீங்கள் ஒரு முனை, நான் ஒரு முனை. பேசக் கூடாது என்று காவலர் நடுவில். நீங்கள் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினீர்கள். வேண்டாம் என்று சொன்னீர்கள் என்று தெரியும். தலையாட்டுகிறவர்களை நான் இப்போது நம்புவதில்லை, என்னையும் சேர்த்து. உள்ளே போனேன். கதவு சாத்தியபிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வெள்ளை மீசை. ஓரத்தில் நம் ஃபென்விக், கையில் என் கையெழுத்து.

"மிஸஸ் ஸ்கெல்ட்டன், இது நீங்க சொன்னதுதானே? லெகாட் எப்பவும் நான்ஷலன்ட்."

"சொன்னேங்க. அன்னிக்கு அர்த்தம் தெரியாது. இன்னிக்குத் தெரியும். அது தப்பு. அவரு அதுக்கு நேர் எதிரு, விஜிலன்ட். ஆள மாத்தி எழுதியிருக்கு. அந்தச் சொல்லு என்னுது."

"உங்களுதா?"

"ஆமாங்க. அனாமலஸா ஒன்னும் பாக்கலன்னும் எழுதியிருக்கே, அதுவும் தப்பு. விளக்கு எரியல. நான் பாத்தேன். ஆறடி தூரம்."

மூன்று பேனாவும் நின்றன. ஃபென்விக் சிரித்தார், ரொட்டி தின்றபோது சிரித்த அதே சிரிப்பு.

"நவம்பர்ல ஒன்னு, ஜனவரில ஒன்னு. உங்க பேச்சு ஈக்விவகலா இருக்கே அம்மா."

ஹோரஸ், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் கைக்குள் கேட்டின் கம்பி குளிர்ந்தது. அந்தச் சொல்லை நான் ஒரு வாரம் முழுதும் தள்ளியிருக்கிறேன். அதன் எதிரி எந்தப் பக்கம் நிற்கிறான் என்று எனக்குத் தெரியும்.

"இல்லீங்க. அன்னிக்குத்தான் ஈக்விவகல். இன்னிக்குச் சொல்றது கேட்டகாரிக்கல். விளக்கு கொக்கியில இருந்துச்சு, எரியல, எண்ணெ பொகஞ்ச வாசம் வந்துச்சு."

வெள்ளை மீசை முன்னால் சாய்ந்தார். "பார்த்தீங்கன்னா ஏன் போன் பண்ணல?"

"அடுப்புல கறி கருகுச்சுங்க."

"அதுதான் காரணமா?"

"அதுவும், லெகாட் பாத்திருப்பாருன்னு இருந்துட்டேன். அவரு ஒருத்தரு முழிச்சிருந்தா மத்தவங்க தூங்கலாம்னு இந்த லைன்ல எல்லாருக்கும் பழக்கமாயிருச்சு. நான் கல்பபிள். அவரு பிளேம்லெஸ்."

இதைச் சொன்னால் வீடு போகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பாருங்கள், அந்தக் கேள்வியில் ஒரு பெரிய சொல்கூட இல்லை. எல்லாம் சின்னச் சொல். அதற்குப் பதில் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

வெளியே போகச் சொல்லிவிட்டு, கூட்ஸ் வண்டியின் கார்டை உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைக் கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து நின்று, "நாந்தான் ஸ்டேஷன்ல எறங்கி ஏத்துனேன். சொல்லிட்டேன். ரெண்டு மாசமாச் சோறு எறங்கல" என்றார். அவருக்கு என் கைக்குட்டையைக் கொடுத்தேன். திருப்பித் தரவில்லை.

அதற்குள் உங்களை இன்னொரு கதவு வழியாக அழைத்துப்போய்விட்டார்கள். முடிவு தபாலில் வருமாம். சிரிலிடம் சொன்னேன். பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வைத்தார். பிறகு, "சாமான் கட்டணும்னா மொதல்ல கோழிக் கூண்ட அவுக்கணும்" என்றார். வேறொரு திட்டும் இல்லை. அவரும் ஒரு டேசிடர்ன்தான், இத்தனை வருஷம் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஒரே வேண்டுகோளை மீறிவிட்டேன். இரண்டாவது ஒன்று கேளுங்கள், அதைப் பார்க்கலாம்.

மேபிள்


ஹோல்மர் சிக்னல் கேபின்
30 ஜனவரி 1957

மேபிள்,

போன் ரயில்வே வேலைக்கு உரியது. ஆகவே இதை 9.12 கார்டிடம் கொடுத்தனுப்புகிறேன்.

திங்கள் காலை திரும்பினேன். லீவர் பிடிகளில் துரு. எனக்குப் பதில் இருந்தவர் துணி வைத்துப் பிடிக்காமல் வெறுங்கையால் இழுத்திருக்கிறார். வியர்வை பட்டால் எஃகு கறுக்கும். இரண்டு நாள் தேய்த்தேன். தேய்க்கும்போது என் முகம் அதில் தெரிந்தது, வேறு யாரோ போல.

எனக்கு வந்த கடிதத்தில் 'அவருடைய கவனம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது' என்று இருக்கிறது. படித்துவிட்டு மடித்து வைத்தேன். அதைவிட என்னை அசைத்தது வேறு. அந்தப் பனியில் நான் தனியாக நிற்கிறேன் என்று எண்ணியிருந்தேன். எரியாத ஒரு விளக்கை இரண்டு மைல் இடைவெளியில் இரண்டு பேர் பார்த்திருக்கிறோம். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு வராது.

திங்கள் காலை, வண்டி வருகிறது என்ற முதல் மணியை உங்களுக்கு அடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். நான்கு நொடியில் வந்தது. முப்பது ஆண்டில் எத்தனையோ மணி கேட்டிருக்கிறேன். இதற்கு எழுந்து நின்றேன்.

டைமரஸ், இன்ட்ரெபிட். அஞ்சுகிறவர், அஞ்சாதவர். முதலாவது சொல் இனி உங்களுக்குத் தேவைப்படாது. கேட்டில் இடத்தை வீணாக்க வேண்டாம்.

உங்கள் முடிவு என்ன ஆயிற்று? போனில் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஹோரஸ்


மூர்பி கேட்
3 பிப்ரவரி 1957, ஞாயிறு

அன்புள்ள ஹோரஸ்,

என் கடிதமும் வந்துவிட்டது. கோழிக் கூண்டை அவிழ்க்க வேண்டியதில்லை. வீடு இருக்கிறது, கேட் இருக்கிறது, நான் இருக்கிறேன். தானாக முன்வந்து சொன்னதால் கடுமையான எச்சரிக்கையோடு விடுகிறார்களாம். இன்னொரு தடவை நடந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இரண்டு பக்கம் டைப் அடித்து, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு அழகான கண்டனம் தெரியுமா? ஏழு பெரிய சொற்கள் இருக்கின்றன. நான் மேசையில் விரித்து வைத்து ஒவ்வொன்றாக விரலை வைத்தேன். ரெப்ரிஹென்சிபிள் என்று ஒன்று. கண்டிக்கத்தக்கது. அதற்கு எதிரே போற்றத்தக்கது நிற்பதை, யாரையும் கேட்காமல் நானே கண்டுபிடித்தேன். லீனியன்ட் என்று ஒன்று, இளக்கமானது. அதற்கு எதிரே கடுமையான சிவியர் நிற்கிறது. ஏழும் திறந்தன ஹோரஸ். ஒன்றுகூட அடம்பிடிக்கவில்லை. என் வாழ்நாளில் எனக்கு வந்த கடிதங்களில் இதுதான் மிகப் பெரியது, அதில் என்னைத் திட்டியிருக்கிற ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிகிறது. படித்து முடித்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், இந்தத் தட்டையான வயலும் வானமும் நேற்றைவிட இரண்டு பங்கு பெரிதாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் எதிரி நிற்கிறான், அவனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயர்களை எல்லாம் யாரோ நமக்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பேர், எத்தனை காலம்! நினைத்தால் மூச்சு நிற்கிறது.

சிரிலிடம் வாசித்துக் காட்டினேன். "திட்டுன கடுதாசிய வாசிச்சுட்டு இப்படிப் பல்லக் காட்டுறவள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

அதைச் சட்டம் போட்டு மாட்டுவது என்று முடிவு செய்தேன். இன்று காலை சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன்னால், நடைவழிப் பலகைச் சுவரில் நான்கு அங்குல ஆணி அடித்தேன். பலகை முக்கால் அங்குலம்தான் என்பது பிறகு தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், படுக்கையறையில், சிரிலின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி மாட்டியிருந்தது. ஆணி தொப்பியின் முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியே வந்திருக்கிறது. தொப்பியை எடுத்தால் கண்டனம் விழும். சிரில் வெறுந்தலையோடு சர்ச்சுக்குப் போயிருக்கிறார். மழை பெய்கிறது. கண்டனம் நேராகத் தொங்குகிறது.

மேபிள்